அட்டையில் பாதி

குற்றாலம்,
12.6.2025

குமரகுரு சாருக்கு,

இப்படி ஆரம்பிப்பதற்கு முகத்தைச் சுளிக்க வேண்டாம். தென்காசியே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது. அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். இப்போது நானும் ஊரோடு சேர்ந்துகொண்டேன்.

உங்கள் நம்பரை என் போனில் பிளாக் செய்திருக்கிறேன். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன், கடைசியில் எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்துபோய் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுத் தொலைப்பேன். கடிதத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. ஷமீம் பானு டீச்சர் உங்கள் சென்டரில் கணக்கு வகுப்பை முடித்துவிட்டுத் தினமும் குற்றாலத்துக்குத்தான் பஸ் ஏறுகிறாள். பதிலை அவள் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். பக்கத்து ஊருக்குக் கடிதமா என்று அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

"சீசன் கூட்டமா இருக்குல்லா, அக்கா லாட்ஜுக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கா" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறீர்களாம். திருத்திச் சொல்லுங்கள். வடிவாம்பாள் அக்கா லாட்ஜில் வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நிஜம். ஆனால் வீட்டை விட்டு வந்தது அதற்காக இல்லை. புத்தக அட்டைக்காக.

'குமரகுருவின் முழு ஆங்கில வழிகாட்டி' என்ற அந்தப் புத்தகத்தை எழுதியது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். போலீஸ் வேலைக்கும் குரூப் பரீட்சைகளுக்கும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நீங்கள் மாடியில் நின்று வகுப்பெடுத்தீர்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பாடம் பாடமாக எழுதினேன். முதல் பதிப்பில் முன்னுரையின் கடைசி வரியில் 'ஊக்கம் தந்த என் சரிபாதிக்கு நன்றி' என்று போட்டீர்கள். அந்தச் சரிபாதிக்கு ஒரு பெயர் உண்டு என்பது அங்கே இல்லை. பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்து ரபீக் பாய் அட்டை மாதிரியோடு வீட்டுக்கு வந்தபோது, என் பெயரையும் போடச் சொன்னேன். நீங்கள் அவர் முன்னால் சிரித்தீர்கள். "ஏட்டி, புருஷன் பொண்டாட்டின்னா எல்லாம் ஒண்ணுதானே. எம் பேரு இருந்தா ஒம் பேரு இருந்த மாதிரிதான்." ரபீக் பாய் பாவம், டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார். "எல்லாம் ஒண்ணுதான்னா எம் பேர மட்டும் போடுங்க" என்றேன். அப்போது மட்டும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் பதிப்பின் புதிய பாடம் என் லேப்டாப்பில் இருக்கிறது. அட்டர், ஷியர், அப்சல்யூட் என்று ஒன்றை முழுதாகவும் அழுத்தமாகவும் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கிற சொற்களைப் பற்றிய பாடம். வருஷா வருஷம் பரீட்சையில் கேட்கிறான், அது இல்லாமல் புத்தகம் விலைபோகாது என்று சொன்னது நீங்கள்தான். என் பெயர் அட்டையில், உங்கள் பெயர் அளவு எழுத்தில் வரட்டும். பாடம் வரும். இல்லையென்றால் வராது.

யோகலட்சுமி


குத்துக்கல்வலசை, தென்காசி,
15.6.2025

யோகா,

கடிதம் எழுதி எத்தனை காலமாயிற்று! கடைசியாக எழுதியது நம் கல்யாணத்துக்கு முன்னால், உனக்குத்தான். 'நீயும் நானும் வேறில்லை' என்று எழுதியிருந்தேன். நீ அதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். அன்றைக்கு இனித்தது இன்றைக்குக் கசக்கிறதாக்கும்.

அட்டையைப் பற்றிச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். சரி, வாசி. பிள்ளைகள் கடையில் போய் என்ன கேட்கிறார்கள்? "குமரகுரு சார் புக்கு இருக்கா அண்ணாச்சி?" சுரண்டையிலும் அப்படித்தான், சங்கரன்கோவிலிலும் அப்படித்தான். அட்டையில் இன்னொரு பெயரைப் பார்த்தால், "இது யாரு புதுசா" என்று வைத்துவிட்டுப் போவான். இது வியாபாரம், யோகா. இதில் மானம் எங்கே வந்தது? சினிமா போஸ்டரில் லைட் பிடித்தவன் பெயரெல்லாமா போடுகிறார்கள்? இந்த உதாரணம் தப்பு. அழிக்கலாம் என்றால் பேனாவில் எழுதித் தொலைத்துவிட்டேன். விட்டுவிடு.

நான் வைக்கிற ரசத்தை நானே சாப்பிடுகிறேன். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன தண்டனை வேண்டும்? எதிர்வீட்டுப் பரமேஸ்வரன் அண்ணாச்சி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி "தங்கச்சி எப்ப வருதா?" என்கிறார். "சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்கிறேன். அவர் நம்பவில்லை. மனுஷன் ரிட்டயர்டு போலீஸ், எப்படி நம்புவார்?

பாடம் தரமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறாய். இருபது வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவனுக்கு ஒரு பாடம் எழுத வராதா? நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், காப்பி நேரத்துக்குள் முடித்துவிட்டேன். அட்டர், ஷியர், அப்சல்யூட், கம்ப்ளீட், டோட்டல், டவுன்ரைட். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: 'முழுவதும்'. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரே பக்கம்! இதற்கா நீ வாரக்கணக்கில் அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதாய்? கூட வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சிரி. சிரித்து முடித்ததும் பஸ் ஏறு.

உன் குமரகுரு


குற்றாலம்,
18.6.2025

சாருக்கு,

பார்த்தேன். சிரித்தேன். பஸ் ஏறவில்லை.

'எல்லாம் ஒன்றுதான்' என்பது உங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெண்டாட்டிக்கும் அதைத்தான் சொல்கிறீர்கள், ஆங்கிலத்துக்கும் அதைத்தான் சொல்கிறீர்கள்.

ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. அது யாரோடு சேரும், யாரோடு சேராது என்று தெரிய வேண்டும். நம் ஊரில் பொய் என்றால் பச்சைப் பொய். முட்டாள் என்றால் வடிகட்டின முட்டாள். ஏழை என்றால் பரம ஏழை. சோம்பேறி என்றால் சுத்த சோம்பேறி. எல்லாவற்றுக்கும் அர்த்தம் உங்கள் கணக்குப்படி 'முழுவதும்'தானே? எங்கே, 'வடிகட்டின பொய்' என்றும் 'பச்சை ஏழை' என்றும் மேடையில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சு விசிலடிக்கும்.

ஆங்கிலத்திலும் அதே கதைதான். அட்டர் பெரும்பாலும் வேண்டாததோடுதான் சேரும், உளறலோடு, தோல்வியோடு, இருட்டோடு. ஷியர் அதிர்ஷ்டத்தோடும் சந்தோஷத்தோடும் போகும். ஐந்தருவிக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்தால் செங்குத்தாகத் தெரிகிறதே பாறை, அதற்கும் அதுதான் சொல். அப்சல்யூட் உண்மைக்குப் பக்கத்திலும் அதிகாரத்துக்குப் பக்கத்திலும் நிற்கும். டவுன்ரைட் பொய்யின் தோளில் கை போட்டுக்கொண்டு திரியும். இந்த உறவுமுறையெல்லாம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காத மாதிரி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதற்குத்தான் வாரக்கணக்கு. உங்கள் ஒரு பக்கத்தை நம்பிப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை குப்புற விழுவான். அவன் அப்பா எந்த வயலை விற்று உங்களிடம் சேர்த்துவிட்டாரோ.

இங்கே அக்காவும் உங்கள் கட்சிதான். "ஏட்டி, பேரு அட்டையில இல்லேன்னா என்ன, ரேஷன் கார்டுல இருக்குல்லா?" என்று கேட்கிறாள். "ரேஷன் கார்ட நானா எழுதுனேன்?" என்றேன். போர்வைகளை எண்ணப் போய்விட்டாள்.

பெட்டியில் இருக்கிற கடிதத்தை ஞாபகப்படுத்தியிருந்தீர்கள். 'நீயும் நானும் வேறில்லை' என்று எழுதிவிட்டு, அடியில் என் பெயரையா கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? உங்கள் பெயரைத்தானே? அப்புறம்?

யோகலட்சுமி


தென்காசி,
24.6.2025

யோகா,

கையெழுத்து விஷயத்தை விட்டுவிடு. ஷமீம் டீச்சர் முன்னாலேயே வாசித்துவிட்டேன், அது வேறு. அவள் டஸ்டரால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

ஆனால் பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. ரபீக் பாய் தினம் போன் செய்கிறார். "சார், மிஷின் சும்மா கெடக்கு, பாடத்த அனுப்புங்க" என்கிறார். பரீட்சை அறிவிப்பு வருவதற்கு முன்னால் புத்தகம் கடைக்குப் போகவில்லையென்றால், அதன் பிறகு போய் என்ன பிரயோஜனம்?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். என்னைவிட இறங்கிவருகிற புருஷன் மேலகரத்திலிருந்து செங்கோட்டை வரை கிடையாது. உள்ளே முதல் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் 'உதவி: யோகலட்சுமி' என்று போடுகிறேன். பெயர் வேண்டும் என்றாய், பெயர் வருகிறது. யாருக்கும் உறுத்தாது. என்ன சொல்கிறாய்?

இதற்கும் சம்மதமில்லை என்றால் திருநெல்வேலியில் ஒரு ஆள் இருக்கிறான். கூலிக்கு எழுதித் தருகிறவன். பெயர் கேட்க மாட்டான்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. வீடு வீடாக இல்லை, யோகா. ஹாலில் உன் நாற்காலியில் துணி காய்ந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்து மடிக்கக்கூட மனசு வரவில்லை.

குமரகுரு


குற்றாலம்,
29.6.2025

சாருக்கு,

உதவி. இந்தச் சொல்லை எழுதும்போது உங்கள் பேனா கூச்சப்படவில்லையா? உதவி என்றால் காய் நறுக்கித் தருவது. மொத்தச் சமையலையும் செய்தவளுக்கு உதவி என்று பெயரா?

ஒரு விஷயம் சொல்கிறேன். போன வாரம் சாரல் நின்ற நேரத்தில் பேரருவிப் பக்கம் போனேன். பெண்கள் குளிக்கிற பக்கம் ஒரு லேடி எஸ்.ஐ. விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "நீங்க சார் வீட்டம்மாதான? நான் முத்துச்செல்வி. சார்ட்டதான் படிச்சேன். சார் புக்கு இல்லேன்னா நான் இங்கன நிக்க முடியாது. சார் ஒரு உதாரணம் எழுதிருக்காவல்லா, 'உப்புமா அடிப்பிடித்திருந்தும் அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்'னு, அதுலதான் எனக்கு அந்தப் பாடமே மண்டையில ஏறுச்சு. எப்பிடித்தான் ஒக்காந்து யோசிப்பாவளோ!"

அந்த உப்புமாவை அடிப்பிடிக்க விட்டது நான். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது நீங்கள். கல்யாணமான முதல் மாதம், மேலகரத்து வாடகை வீட்டில். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த பிரியத்தைத்தான் பல வருஷம் கழித்து ஒரு வாக்கியமாக எழுதினேன். அதையும் நீங்கள் உங்கள் பெயரில் வைத்துக்கொண்டீர்கள்.

அவளிடம் சொல்ல நினைத்தேன். சார் சார் என்று அவ்வளவு சந்தோஷப்படுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது? தண்ணீர் கூடுகிறது என்று யாரோ சத்தம் போட, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். அழவில்லை. ஒரு முடிவு செய்தேன். இனி இதை வாயால் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

திருநெல்வேலி ஆள் வேண்டாம். பாடத்தை நானே அனுப்புகிறேன். பென் டிரைவ் ஷமீம் டீச்சர் பையில் இருக்கிறது. அட்டையில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒரு பாடத்தையாவது நீங்கள் வாசித்து நான் பார்த்ததில்லை. இதையாவது வாசியுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

யோகலட்சுமி


தென்காசி,
1.7.2025

என் யோகா,

எனக்குத் தெரியும், நீ என்னை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று! பாடம் கிடைத்தது. வாசித்தேன், பிரமாதம். ரபீக் பாய்க்கு அன்றைக்கே அனுப்பிவிட்டேன். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டதாம்.

போதும் இந்தக் கோபம். வெள்ளிக்கிழமை வந்துவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன். துணியையெல்லாம் மடித்துவிட்டேன்.

உன் குமரகுரு


குற்றாலம்,
2.7.2025

சாருக்கு,

வெள்ளிக்கிழமை வரவில்லை. வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டாம்.

புத்தகம் வரட்டும். பிறகு பார்க்கலாம்.

யோகலட்சுமி


தென்காசி,
26.7.2025

யோகலட்சுமிக்கு,

இப்படியும் ஒரு பெண்பிள்ளை செய்வாளா?

புத்தகம் நேற்று முன்தினம் வந்தது. கட்டைப் பிரித்த கையோடு கடைகளுக்கும் அனுப்பியாகிவிட்டது. இன்று காலை வகுப்பில், மாடி நிறைய பிள்ளைகள். பெருமையாகப் புதுப் பாடத்தைத் திறக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சு தேவாவை எழுப்பி, "உதாரண வாக்கியங்களச் சத்தமா வாசிலே" என்றேன். சொல்லையும் வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, கீழே நீ கொடுத்திருந்த தமிழையும் வாசித்தான்.

'அப்சல்யூட்: இந்தப் புத்தகம் முழுவதையும் எழுதியவர் யோகலட்சுமி என்பது அப்சல்யூட் உண்மை.'

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நிறுத்து என்று சொல்ல வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. அவனும் நிறுத்தவில்லை, படுபாவி.

'அட்டர்: அட்டையில் பெயர் உள்ளவர் இந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. இது அட்டர் அலட்சியம்.'

'ஷியர்: அவர் வாசிக்காமலே அச்சுக்குக் கொடுத்தது எழுதியவரின் ஷியர் அதிர்ஷ்டம்.'

'டவுன்ரைட்: வாசித்தேன், பிரமாதம் என்று அவர் சொல்வது டவுன்ரைட் பொய்.'

வாசித்தேன், பிரமாதம்! நான் எழுதப்போவதை நான் எழுதுவதற்கு முன்னால் நீ எழுதி வைத்திருக்கிறாய். இதைக் கேட்டதும் வகுப்பு சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரன் மேலே ஏறி வந்துவிட்டான். மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. பரமேஸ்வரன் அண்ணாச்சி வரைக்கும் பார்த்துவிட்டார். சுவருக்கு மேலே தலை வந்தது, ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டது. அதுதான் இன்னும் கேவலம்.

இருபது வருஷமாக இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவன் நான். ஒரே காலையில் என்னைத் துணியில்லாமல் நிறுத்திவிட்டாய். இது விளையாட்டு, கோபத்தில் செய்தது, மன்னிக்கவும் என்று நீ ஒரு தாளில் எழுதிக் கொடு. நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். அதன் பிறகு பேசலாம்.

குமரகுரு


குற்றாலம்,
28.7.2025

சாருக்கு,

எழுதித் தர மாட்டேன்.

எனக்கு வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. முழு மன்னிப்பும் கிடையாது, அரை மன்னிப்பும் கிடையாது. அந்த வாக்கியங்களில் எது பொய் என்று சொல்லுங்கள், அடுத்த நிமிஷம் தென்காசிக்கு வந்து உங்கள் போர்டிலேயே எழுதுகிறேன். புத்தகத்தை நான் எழுதவில்லையா? பக்கத்தை நீங்கள் வாசித்தீர்களா? ஒரு வரி விடாமல் வாசியுங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதினேன். வாசித்திருந்தால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். உங்கள் கையில்தான் இருந்தது. என் எழுத்தை வாசிக்கவே வேண்டியதில்லை என்ற உங்கள் நினைப்புதான் உங்களைத் துணியில்லாமல் நிறுத்தியது. நான் நிறுத்தவில்லை.

"யாரு சார் யோகலட்சுமி?" என்று தேவா கேட்டதற்கு, "அச்சுப்பிழைலே, ஒக்காரு" என்று சொன்னீர்களாமே. அதை நீங்கள் எழுதவில்லை. ஷமீம் டீச்சர் சொன்னாள்.

அச்சுப்பிழையா நான்? இருபது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியது அச்சுப்பிழையா? நீங்கள் வகுப்பு முடிந்து வந்து தூங்கின பிறகும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் எழுதியதெல்லாம் அச்சுப்பிழையா? இதைக் கேட்டதும் அக்காவே, "வடிகட்டுனவன் ஒம் புருஷன்" என்றாள். இத்தனை நாள் உங்கள் கட்சியில் இருந்தவள். இப்போது காலையில் எனக்குத்தான் முதல் காப்பி.

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியது நீங்கள் இல்லை என்று தெரிந்தால் மேடையில் நிற்கிற குமரகுருவும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் போக்க முடியாது. அதற்காக நான் இல்லாமல் போகவும் முடியாது.

யோகலட்சுமி


தென்காசி,
6.8.2025

யோகா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. பேசத்தான் எனக்கு வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. அதனால் பேசிவிட்டேன். உன்னிடம் இல்லை, வகுப்பில்.

திங்கட்கிழமை போர்டுக்கு முன்னால் நின்று, "அன்னைக்குத் தேவா ஒரு கேள்வி கேட்டான். அச்சுப்பிழைன்னு சொன்னேன். அது டவுன்ரைட் பொய். புக்கு பூரா எழுதுனது எங்க வீட்டுல உள்ளவதான். நான் வாசிக்கக்கூட இல்ல" என்றேன். விசிலடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கடைசியில் தேவாதான் எழுந்தான். "அப்ப இந்தப் பாடத்த அவங்களையே வந்து எடுக்கச் சொல்லுங்க சார். நீங்க நடத்துனா எங்களுக்குச் சிரிப்பு வரும்" என்றான். அவனை என்ன செய்வது, சொல்.

உன் முத்துச்செல்வியும் யூனிபார்மோடு மாடி ஏறி வந்தாள். யாரோ அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்து நின்று, "சார், அப்ப உப்புமா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "அதுவும் அவதான்" என்றேன். போய்விட்டாள். ஆயிரம் பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன், யோகா. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அன்றைக்கு நான் வகுப்பெடுக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. புத்தகம் பறக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்காகவே வாங்குகிறார்கள். சுரண்டைக் கடைக்காரர் "அந்த யோகலட்சுமி புக்கு இன்னும் ஒரு கட்டு அனுப்புங்க" என்கிறார். என் பெயர் போட்ட புத்தகம்! ரபீக் பாய் அடுத்த பதிப்புக்கு அட்டை மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார். கூட வைத்திருக்கிறேன். 'குமரகுரு – யோகலட்சுமி.' ஒரே அளவு எழுத்து. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துக்கொள். நீ ஜூனில் கேட்டது அப்படியே இருக்கிறது.

வந்துவிடு.

குமரகுரு


குற்றாலம்,
9.8.2025

சாருக்கு,

அட்டை வந்தது. ஸ்கேல் வைக்கவில்லை, கண்ணாலேயே தெரிகிறது. நன்றாக இருக்கிறது. வகுப்பில் நின்று சொன்னீர்கள் என்பதை ஷமீம் டீச்சரும் சொன்னாள். கேட்டுவிட்டு, வந்த விருந்தாளிக்கு வேறு ரூம் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அதை மறைக்கவில்லை.

ஆனாலும் அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஜூனில் பாதி கேட்டேன். அப்போது நானும் சரிபாதி என்பதை நம்பிக்கொண்டிருந்தேன். பாதி தாருங்கள் என்று வீட்டை விட்டு வந்து, கடிதம் கடிதமாக எழுதி, உதவி என்றும் அச்சுப்பிழை என்றும் பெயர் வாங்கி, இந்த லாட்ஜில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. இதில் பாதி உங்களுடையது இல்லை. எந்தப் பாதி உங்களுடையது? எந்தப் பக்கம்? எந்த வரி? இல்லாத ஒன்றில் பாதியை எனக்குத் தருவதாகச் சொல்கிறீர்கள், நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டுமா?

வகுப்பு உங்களுடையது. பசியோடும் பயத்தோடும் மாடி ஏறி வருகிற பிள்ளையைச் சிரிக்க வைத்து, உன்னால் முடியும்லே என்று நம்பவைத்து அனுப்புகிறீர்களே, அது ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு வராது. அது முழுதும் உங்களுடையது. அதில் நான் பாதி கேட்க மாட்டேன். எழுத்து என்னுடையது. அதில் பாதி தர மாட்டேன். நீங்கள் மேடையில் நிற்பதற்கு என் பெயர் மறைய வேண்டியதில்லை. நீங்கள் நிற்பீர்கள். திங்கட்கிழமை நின்றீர்களே.

ஆகவே அட்டையில் 'எழுதியவர்: யோகலட்சுமி' என்று மட்டும் இருக்கும். 'முழு ஆங்கில வழிகாட்டி' என்ற தலைப்புக்கு முன்னால் இருக்கிற உங்கள் பெயரையும் எடுத்துவிடுங்கள். புதிய முன்னுரை எழுதி இதோடு கூட வைத்திருக்கிறேன். உங்களை மறக்கவில்லை. கடைசி வரி: 'ஊக்கம் தந்த என் சரிபாதிக்கு நன்றி.' உங்கள் வாக்கியம்தான். இந்தப் புத்தகத்தில் நீங்கள் எழுதிய ஒரே வாக்கியம் அது. மரியாதையாகத் திருப்பித் தந்திருக்கிறேன்.

இது நடக்காது என்றால் நடக்காது என்று எழுதுங்கள். எனக்கு இங்கே சாவிகள் இருக்கின்றன, லேப்டாப் இருக்கிறது, அடுத்த புத்தகம் தொடங்கியாயிற்று. நடக்கும் என்றால், அட்டை அச்சாகிற அன்றைக்கு நானே வருகிறேன். கூப்பிட வர வேண்டாம்.

யோகலட்சுமி


தென்காசி,
14.8.2025

யோகா,

முதல் தடவை வாசித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். ஷமீம் டீச்சர் எடுத்து நீவி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் தடவை வாசித்தேன். எந்தப் பக்கம், எந்த வரி என்று கேட்டிருந்தாய். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை. எங்கள் அம்மாவின் குடை இருக்கிறது, மேலகரத்து வாடகை வீட்டின் ஒழுகல் இருக்கிறது, என் சோடாபுட்டிக் கண்ணாடிகூட ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நம் வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது, நான் எழுதிய வரி மட்டும் இல்லை. இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

அட்டையை நீ சொன்னபடியே ரபீக் பாய்க்கு அனுப்பிவிட்டேன். உன் பெயர் மட்டும். "சார், ஒங்க பேரு விட்டுப்போச்சே" என்று போன் செய்தார். விட்டுப்போகவில்லை, எடுத்துவிட்டேன் என்றேன்.

முன்னுரையையும் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாசித்ததற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா? கடைசி வரியில் ஒரு சொல்லைத் திருத்தியிருக்கிறேன். 'ஊக்கம் தந்த' என்று நீ எழுதியிருந்தது டவுன்ரைட் பொய். அடித்துவிட்டு 'இடைஞ்சல் தந்த' என்று போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அச்சாகிறது.

அத்தான்